ஏரிப் பக்கம் குடி போலாம்னு கேட்டா "உங்க இஷ்டம்"ங்கிறா

வணக்கம் மேடம்,

எனக்கு 62 வயசு, ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆகுது. 34 வருஷம் ஒரே கம்பெனி. மனைவிக்கு 59. பசங்க ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல செட்டில் ஆயிட்டாங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவாங்க, வாரம் ஒருக்கா வீடியோ கால், அவ்ளோதான்.

விஷயம் என்னன்னா போன வருஷக் கடைசில நாங்க ரெண்டு பேரும் ஒரு சின்ன ஊருக்கு நாலு நாள் போயிருந்தோம். பெரிய ஏரி, அதைச் சுத்தி 7 கிலோமீட்டர் நடைபாதை, ஊரே மொத்தம் ஆறாயிரம் பேர் இருந்தா அதிகம், அதுல பாதிக்கு மேல என்னை மாதிரி ரிட்டயர் ஆனவங்கதான். ஹாரன் சத்தம் கிடையாது. காலைல அஞ்சரைக்கு பால்கனில உக்காந்து அந்தத் தண்ணிய பாத்துட்டே இருந்தேன், எவ்வளவு நேரம்னே தெரியல, ரொம்ப வருஷம் கழிச்சு மனசுல ஒண்ணுமே ஓடல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், மிச்ச காலம் இங்கதான்னு.

திரும்பி வந்து கணக்கெல்லாம் போட்டுப் பாத்தேன். இப்ப இருக்கிற வீட்டை வித்தா அங்க தோட்டத்தோட ஒரு வீடு வாங்கிட்டு மீதிப் பணம் பேங்க்ல கிடக்கும். ப்ரோக்கர் ஒரு வீடு காட்டினாரு, ஏரியைப் பாத்த மாதிரி வராண்டா. இந்த மாசக் கடைசிக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கலன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்குன்னு சொல்றாரு.

வீட்ல கேட்டா "உங்க இஷ்டம்"ங்கிறா. அவ்ளோதான். சரின்னும் சொல்றதில்ல வேணாம்னும் சொல்றதில்ல. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். இந்த வீட்ல 26 வருஷமா இருக்கோம், அவளோட அக்கா ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க, அப்புறம் ஒரு வாக்கிங் கோஷ்டி உண்டு, மூணு பேரு, பேரெல்லாம் எனக்கு சரியா தெரியாது, தினமும் காலைல அவங்களோட போயிட்டு வருவா. சாயந்தரம் பக்கத்து வீட்டு பசங்களுக்கு கணக்கு சொல்லிக் கொடுக்கிறா, பணத்துக்கு இல்ல, சும்மா. இதெல்லாம் அங்கயும் செய்யலாம்தானே, வாக்கிங் போக அந்த ஊரை விட நல்ல இடம் இருக்கா சொல்லுங்க. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனா நான்தான் இருக்கேனே. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேர தூரம், அதையும் யோசிச்சேன், எங்க ரெண்டு பேருக்கும் பெருசா வியாதி ஒண்ணும் இல்ல, எனக்கு பிரஷர் மாத்திரை மட்டும்தான்.

இங்க எனக்கு என்ன இருக்குன்னு புரியல மேடம். காலைல எந்திரிச்சா பதினோரு மணிக்குள்ள பேப்பரை ரெண்டு தடவை படிச்சுடறேன். ஃபோன் அடிக்கிறதே இல்ல. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல 20 வருஷம் இருந்தவரு எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆனாரு, அவரும் எங்கயாவது அமைதியா ஒரு இடம் வாங்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு, அஞ்சே மாசத்துல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொன்னேன்.

அவளை எப்படி ஒத்துக்க வைக்கிறது? இல்ல இது பிடிவாதம்னு விட்டுட்டு நான் முடிவெடுத்துடலாமா?

- ஏரியை மறக்க முடியாதவன்


ஆலோசகரின் பதில்:

வணக்கம் சார்,

முதல்ல அவசரமான விஷயம். இந்த மாசக் கடைசிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. "வேற பார்ட்டி ரெடி"ங்கிறது வீடு விக்கிறவங்க எல்லா ஊர்லயும் சொல்றது. ஒருவேளை நிஜமாவே வேற பார்ட்டி இருந்து அந்த வீடு போனாலும் போகட்டும், ரிட்டயர் ஆனவங்க ஊர்ல வீடு விலைக்கு வந்துட்டேதான் இருக்கும். ஏன் வருதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அந்தக் கேள்விக்கு அப்புறம் வரேன்.

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஏரிக்கரைப் பாதை எத்தனை கிலோமீட்டர்னு உங்களுக்குத் தெரியுது, மனைவி தினமும் சேர்ந்து நடக்கிற மூணு பேரோட பேரு தெரியல. குத்திக் காட்டறதுக்கு சொல்லல சார், 34 வருஷம் காலைல ஆபீஸுக்குக் கிளம்பின மனுஷனுக்கு அது தெரிய வாய்ப்பே இருந்திருக்காது. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தாலும் ஒரே இடத்துல இல்ல. உங்க ஊருன்னு ஒண்ணு இருந்துச்சே, ஆபீஸ், சீட்டு, பக்கத்து சீட்டுக்காரர், அடிக்கிற ஃபோன், அதை நீங்க எட்டு மாசம் முன்னாடியே காலி பண்ணிட்டீங்க. அவங்க அவங்களோட ஊர்ல இன்னும் குடியிருக்காங்க. அதனாலதான் "இங்க என்ன இருக்கு"ன்னு உங்களுக்குத் தோணுது, அவங்களுக்குத் தோணல. நீங்க எதையும் இழக்காம அங்க போறீங்க, ஏன்னா இழக்க வேண்டியதை ஏற்கனவே இழந்தாச்சு. அவங்க எல்லாத்தையும் ஒரே லாரில ஏத்தி இறக்கணும், ஏத்த முடியாதது அக்காவும் அந்த மூணு பேரும் கணக்கு படிக்க வர்ற பசங்களும்.

"அங்கயும் வாக்கிங் போலாமே"ன்னு எழுதியிருக்கீங்க. பாதை கிடைக்கும் சார். 2018-ல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர், புதுசா ஊர் மாறி வந்தவங்களையும் புதுசா காலேஜ் சேந்தவங்களையும் வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாரு. அறிமுகமான ஒருத்தர் சாதாரண ஃப்ரெண்ட் ஆகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கு, ஃப்ரெண்டுன்னு சொல்லிக்க 90, நெருங்கின ஃப்ரெண்டுன்னா 200 மணி நேரத்துக்கும் மேலன்னு வந்தது. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஒருத்தரைப் பாத்தீங்கன்னா 200 மணி நேரம் சேர ரெண்டு வருஷம் ஆகும், கணக்கு டீச்சர் உங்க வீட்லயே இருக்காங்க, அவங்க இதை உங்களுக்கு முன்னாடியே மனசுக்குள்ள போட்டிருப்பாங்க. அதே ஆராய்ச்சில இன்னொண்ணும் வந்தது, வேலை செய்யிற இடத்துல சேர்ந்து கழிக்கிற நேரம் நட்புக் கணக்குல அவ்வளவா ஏறறதில்லன்னு. உங்க ஃபோன் ஏன் அடிக்கலங்கிறதுக்கு அதுல ஒரு பதில் இருக்கலாம்.

அந்த நாலு நாள் விஷயத்துக்கு வரேன். அந்த அஞ்சரை மணி பால்கனி பொய்யில்ல, அந்த நிம்மதி நிஜம். ஆனா அன்னைக்கு உங்ககிட்ட கரண்ட் பில் இல்ல, ரிப்பேரான மோட்டார் இல்ல, மனைவியோட முகம் வாடல. 1998-ல டேவிட் ஷ்கேடும் டேனியல் கானமனும் (2002-ல பொருளாதார நோபல் வாங்கினாரே, அவர்தான்) அமெரிக்காவுல நல்ல வெயில் அடிக்கிற கலிபோர்னியாவுலயும் குளிர் அதிகமான நடு மாநிலங்கள்லயும் இருக்கிற காலேஜ் பசங்ககிட்ட வாழ்க்கை எப்படி இருக்குன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் திருப்தி கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனா இன்னொரு பக்கத்துல உங்களை மாதிரி ஒருத்தர் எப்படி இருப்பாருன்னு கேட்டப்போ ரெண்டு கோஷ்டியுமே கலிபோர்னியாக்காரர்தான் சந்தோஷமா இருப்பாருன்னு சொல்லிடுச்சு. தூரத்துல இருந்து பாக்கிறப்போ வெயிலும் தண்ணியும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது, அங்க குடியிருக்கிறவன் பேங்க் க்யூல நிக்கிறது தெரியறதில்ல. கொஞ்ச நாள்ல ஏரி ஜன்னலுக்கு வெளியே இருக்கிற ஒரு விஷயமா ஆயிடும். அதுவும் கெட்டதில்ல, ஆனா அதுக்காக வீட்டை விக்கணுமான்னு பாக்கணும்.

இப்போ அந்தக் கேள்வி, ரிட்டயர் ஆனவங்க ஊர்ல வீடு ஏன் விலைக்கு வந்துட்டே இருக்கு? ஒருத்தர் போயிடுவாரு, இன்னொருத்தரால தனியா இருக்க முடியாது, பசங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. கொடூரமா எழுதறேன்னு நினைக்காதீங்க, இதை உங்ககிட்ட ப்ரோக்கர் சொல்ல மாட்டாரு. பாதிக்கு மேல வயசானவங்களா இருக்கிற ஊர்ல அமைதிக்கு ஒரு காரணம் இளசுங்க இல்லாததுதான், குழாய் உடைஞ்சா வர்ற ஆளும், ராத்திரி வண்டி எடுக்கிற பையனும், ஆஸ்பத்திரி நர்ஸும் அந்த இளசுங்கள்லதான் வரணும்.

"நான்தான் இருக்கேனே"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, முழு லெட்டர்லயும் எனக்கு அந்த வரிதான் உறுத்துச்சு. 62-ல சரி. கண்ணுல புரை வந்தா ராத்திரி எதிர்ல வர்ற லைட்டு கூசும், மொதல்ல இருட்டுல ஓட்டறதை விடுவீங்க. அதுக்கு ஆபரேஷன் இருக்கு, சரியாயிடும்னே வைங்க, ஒரு முட்டிவலி போதும், ஒரு கை ஒடிஞ்சா போதும், ரெண்டு பேருமே வீட்டுக்குள்ள மாட்டிப்பீங்க. அந்த ஒன்றரை மணி நேரம் வேற. ரத்தக்குழாய் அடைச்சு வர்ற பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமா அறிகுறி ஆரம்பிச்ச 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்தாகணும். தூக்கத்துல வந்து காலைல தெரிஞ்சா எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாது, அந்த நேரமே தாண்டியிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் முடியாத தூரம்னு சொல்லல. ஆனா மயங்கினது நீங்களா இருந்தா யாரு வண்டி ஓட்டுவாங்க? மனைவிக்கு இந்த யோசனை வந்திருக்கும், வாய்விட்டு சொன்னா அபசகுனமா இருக்கும்னு "உங்க இஷ்டம்"னு முடிச்சிருக்கலாம். நான் ஊகிக்கிறேன், கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியது நீங்கதான்.

அதனால "எப்படி ஒத்துக்க வைக்கிறது"ங்கிற கேள்வியை நான் எடுத்துக்கல. அவங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள அது பிடிவாதம்னு முடிவு கட்டிட்டீங்க. போலாமா வேணாமான்னு கேட்டா ஒரு வார்த்தைலதான் பதில் வரும். "இங்க இருந்து எதை விட்டுட்டு வர உனக்கு முடியாது"ன்னு கேளுங்க, கேட்டுட்டு நடுவுல "அது அங்கயும் இருக்கே"ன்னு சொல்லாம இருங்க. இது கஷ்டம், நாக்கைக் கடிச்சுக்க வேண்டியிருக்கும். ஒரே நாள்ல பதில் வராது.

பக்கத்து சீட்டுக்காரரைப் பத்தி சம்பந்தமில்லன்னு எழுதியிருக்கீங்க. 20 வருஷம் சார். அவரு வாங்காம போன இடத்தை நீங்க வாங்கப் பாக்கிறீங்களோன்னு எனக்குத் தோணுது, தப்பா இருந்தா விட்டுடுங்க. 1967-ல ஹோம்ஸ், ராஹேன்னு ரெண்டு மனநல டாக்டர்கள் வாழ்க்கைல நடக்கிற 43 மாற்றங்களுக்கு, ஒவ்வொண்ணும் எவ்வளவு அழுத்தம் தரும்னு மார்க் போட்டு ஒரு பட்டியல் போட்டாங்க, துணையோட சாவுக்கு 100. அதுல ரிட்டயர்மென்ட்டுக்கு 45, நெருங்கின ஃப்ரெண்டோட சாவுக்கு 37, வீடு மாறுறதுக்கு 20, சுற்றி இருக்கிறவங்களோட பழக்கம் மாறுறதுக்கு 18. லீவுல டூர் போறதுக்கே 13 மார்க் இருக்கு, அதை நினைச்சா எனக்கு எப்பவும் சிரிப்பு வரும். இதை ஜோசியம் மாதிரி எடுத்துக்கக் கூடாது, ஆளுக்கு ஆள் மாறும். நான் சொல்ல வர்றது, ரிட்டயர்மென்ட், ஃப்ரெண்டோட சாவு ரெண்டுமே உங்களுக்கு நடந்திருக்கு, நீங்க அழுத மாதிரியும் தெரியல, யார்கிட்டயும் பேசின மாதிரியும் தெரியல, நேரா வீடு பாக்க ஆரம்பிச்சுட்டீங்க. அவரோட குடும்பத்தைப் போய்ப் பாத்தீங்களா? பாக்கலன்னா ஒரு தடவை போயிட்டு வாங்க.

பதினோரு மணிக்குள்ள பேப்பர் தீர்ந்து போற பிரச்சனை ஏரிக்கரைலயும் அதே பதினோரு மணிக்கு வரும், வராண்டா அதுல ஒரு மணி நேரம் சாப்பிடும். காலைப் பொழுதை இங்கயே ஒழுங்கு பண்ணப் பாருங்க, வாரத்துல மூணு நாளாவது யாராவது உங்களை எதிர்பார்க்கிற மாதிரி ஒரு வேலை. 34 வருஷ அனுபவத்துக்கு அப்படி ஒண்ணு கிடைக்காமப் போகாது.

இவ்வளவும் சொன்னதால போகாதீங்கன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. ஊர் மாறி ரொம்ப நல்லா இருக்கிறவங்களும் உண்டு, ரெண்டு பேரும் மனசார சேர்ந்து போனவங்க. அதனால வீட்டை விக்காம பூட்டிட்டு மூணு மாசம் அங்க வாடகைக்கு இருந்து பாருங்க, மனைவி சம்மதிச்சா மட்டும். அதுவும் சீசன் இல்லாத மாசமா, டூரிஸ்ட் எல்லாம் போயி பாதிக் கடை மூடியிருக்கிறப்போ, ஈரமும் கொசுவும் இருக்கிறப்போ. ஏரியைப் பாக்காதீங்க, பல் டாக்டரைப் பாருங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எத்தனை நாள்ல வர்றாருன்னு பாருங்க, ஒரு வாரம் வண்டியைத் தொடாம ரெண்டு பேரும் எல்லா வேலையும் முடிக்க முடியுதான்னு பாருங்க. நடுவுல அவங்க அக்காவைப் பாக்க வரணும்னா எத்தனை தடவை வேணாலும் வந்துட்டுப் போகட்டும், கணக்கு வெச்சுக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு ஒருவேளை வருஷத்துல ரெண்டு மாசம் ஏரி, பத்து மாசம் இங்கன்னு முடிவாகலாம், அவங்களே வீடு பாக்கவும் ஆரம்பிக்கலாம், யாரு கண்டா.

ப்ரோக்கருக்கு ஃபோன் பண்ணி அட்வான்ஸ் இல்லன்னு சொல்லிட்டு வாடகை வீடு இருக்கான்னு கேளுங்க. ஆனா அந்த ஃபோனுக்கு முன்னாடி, நாளைக்குக் காலைல அவங்க வாக்கிங் கிளம்பறப்போ "நானும் ஒரு நாள் வரட்டுமா"ன்னு கேட்டுப் பாருங்க. சரின்னா போயிட்டு, அந்த மூணு பேரோட பேரைத் தெரிஞ்சுட்டு வாங்க.