சளி விட்ட பிறகு காலில் சிவப்புப் புள்ளிகள்

கேள்வி: என் 6 வயது மகனுக்குச் சளி, இருமல் வந்து சரியானது. பத்து நாள் கழித்து இரண்டு கால்களிலும் பிட்டத்திலும் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். கணுக்கால் வீங்கி நொண்டுகிறான். டெங்கு என்று பயந்து ரத்தம் பார்த்தோம். தட்டணுக்கள் சரியாக உள்ளன. அப்புறம் இது என்ன?

பதில்: கண்ணாடி டம்ளரைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மங்காவிட்டால் தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டணுக்கள் குறையாமலே இப்படிக் கசிந்தால், இந்த வயதில் முதலில் நினைவுக்கு வருவது 'ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ்', அதாவது மெல்லிய ரத்த நாளங்களில் வரும் அழற்சி. பழைய பெயர் ஹீனோக்-ஷோன்லைன் பர்ப்யூரா, சுருக்கமாக எச்.எஸ்.பி. குழந்தை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும்; இன்றே காட்டிவிடுங்கள்.

மூக்கு, தொண்டையின் உட்புறத்தைக் காக்க நம் உடல் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கிறது. சளி வைரஸோ தொண்டைக் கிருமியோ வந்தால் அது கூடும். சில குழந்தைகளுக்கு அந்தப் புரதத்தின் அமைப்பில் ஒரு சிறு குறை உண்டு. அதனால் அது திரள் திரளாகச் சேர்ந்து, ரத்தத்தோடு போய் மிக மெல்லிய நாளங்களின் சுவரில் படிகிறது. அதை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் சுவரையே புண்ணாக்கிவிட, சிவப்பணுக்கள் வெளியே கசிகின்றன. சளி விட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துப் புள்ளி வருவது இதனால்தான். நிற்கும்போது கீழ்ப்பக்க நாளங்களில் அழுத்தம் அதிகம். ஆகவே கால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். மூட்டு வலியும் பாதிப்பு எதுவும் விட்டுவைக்காமல் போய்விடும். சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அவற்றால் வந்ததல்ல இது.

எனக்குக் கவலையெல்லாம் சிறுநீரகம்தான். அங்கேயும் இதே மெல்லிய நாளங்கள், இதே படிவு. ஆனால் வலியே இருக்காது. சிறுநீரில் ரத்தம், புரதம் கசிகிறதா என்று முதலில் வாரம் ஒரு முறையாவது, பிறகு இடைவெளி விட்டு ஆறு மாதம் வரை பார்க்க வேண்டும். ரத்த அழுத்தமும் அப்படியே. புள்ளி மறைந்ததும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் சிறுநீரகம் தப்பும் என்று நம்பி நீங்களாக வாங்கியும் கொடுக்காதீர்கள். முன்கூட்டிக் கொடுப்பதால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், விதைப்பையில் வலி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, காய்ச்சலோடு சோர்ந்து கிடப்பது: இவற்றில் எது வந்தாலும் நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.