மைக்ராஸ்கோப்ல பாத்தாலே கேன்சரா இல்லையான்னு தெரிஞ்சிடாதா? அப்புறம் எதுக்கு ஜீன் டெஸ்ட்?

கேள்வி கேட்டவரோட அண்ணனுக்கு தொடையில கட்டி, பயாப்ஸி ரிப்போர்ட்ல "ஸ்பிண்டில் செல் கட்டி, ஃபிஷ் டெஸ்ட் தேவை"ன்னு மட்டும் எழுதிட்டாங்களாம் (ஸ்பிண்டில்னா ரெண்டு முனையும் கூரா நீளமா இருக்கிற செல், ஃபிஷ்னா ஜீன் உடைஞ்சிருக்கான்னு பாக்குற டெஸ்ட்), காசு புடுங்க பாக்குறாங்களான்னு கேட்டிருக்கார். நியாயமான சந்தேகம்தான். நான் பெத்தாலஜிஸ்ட், காலையில இருந்து சாயங்காலம் வரை ஸ்லைடோடதான் பொழப்பு. என்னைக் கேட்டா அப்படி எழுதினவர் நேர்மையான ஆளுங்க, தெரியாததை தெரிஞ்ச மாதிரி எழுதல.

சதை, கொழுப்பு, நரம்பு, நார் இதுல வர்ற கட்டியில மட்டும் 100 வகைக்கு மேல இருக்கு. அதுல கேன்சரா இருக்கிறது சார்கோமா, பெரியவங்களுக்கு வர்ற மொத்த கேன்சர்ல 100ல 1 அளவுக்குத்தான், அதனால சாதாரண லேப்ல இருக்கிறவங்க கண்ணுக்கு அடிக்கடி படாது. பட்டாலும் ஸ்லைடு நம்மள நல்லா ஏமாத்தும், அதுவும் ரெண்டு பக்கமும்.

நான் எம்டி படிக்கும்போது ஒரு காலேஜ் பையனோட பிளாக் வந்துச்சு (பிளாக்னா சதைய ஃபார்மலின்ல ஊற வச்சு மெழுகுல பதிச்ச சின்ன கட்டை, அதுல இருந்து 3, 4 மைக்ரான் மெலிசா சீவித்தான் ஸ்லைடு போடுவோம்). முன்கையில கட்டி, வெளிய ஒரு லேப்ல சார்கோமான்னு ரிப்போர்ட் குடுத்து அப்பா அம்மா ரெண்டு பேரும் இடிஞ்சு போய் வந்திருந்தாங்க. நான் பாத்தேன், பிச்சுப் போட்ட பஞ்சு மாதிரி செல்லுங்க இஷ்டத்துக்கு ஓடுது, நடுவுல ரத்த செல் சிதறிக் கிடக்கு, எங்க பாத்தாலும் செல் ரெண்டா பிரிஞ்சுட்டு இருக்கு, நானும் சார்கோமான்னே எழுதி எடுத்துட்டுப் போனேன். எனக்கு சொல்லிக்குடுத்த மேடம் ஸ்லைடை பாக்கவே இல்ல, "எத்தனை நாளா இருக்காம்?"னு கேட்டாங்க. ஃபார்ம்ல "இடது கை கட்டி" அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. வெளிய பெஞ்சுல இருந்த அப்பாவை கேட்டா, "மூணு வாரம் முன்னாடி ஒண்ணுமே இல்ல சார், திடீர்னு கோலிகுண்டு சைசுக்கு வந்து நிக்குது"ன்னார்.

அங்கயே பாதி பதில் வந்துடுச்சு. நோடுலர் ஃபேசியைட்டிஸ்னு கேன்சர் இல்லாத கட்டி ஒண்ணு, 1955லயே இது சார்கோமா வேஷம் போடும்னு எழுதி வச்சுட்டாங்க. கிடுகிடுன்னு வளரும், பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள்ள நின்னுடும், தானாவே கரையவும் செய்யும். செல் நிறைய பிரியும், ஆனா கோணல்மாணலா பிரியாது, அதைத்தான் நான் கவனிக்கல.

மீதி பாதிக்குத்தான் ஜீன். 2011ல கண்டுபிடிச்சாங்க, இந்த கட்டியில பெரும்பாலும் எம்ஒய்எச்9ங்கிற ஜீனும் யூஎஸ்பி6ங்கிற ஜீனும் ஒட்டிக்கிட்டு இருக்கு. யூஎஸ்பி6 உடம்புல பெரும்பாலான இடத்துல சும்மா தூங்குற ஜீன், எம்ஒய்எச்9 எந்நேரமும் வேலை பாக்குறது, அதோட லைன்ல இது கொக்கி போட்டு கரண்ட் எடுக்குது, அவ்வளவுதான் கதை. ஃபிஷ்ல யூஎஸ்பி6 ஜீனுக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு, பச்சைன்னு ஒளிர்ற சாயம் ஒட்டுவாங்க. இருட்டு ரூம்ல உக்காந்து பாத்தா முழுசா இருக்கிற ஜீன்ல ரெண்டும் ஒண்ணா சேந்து மஞ்சளா தெரியும், உடைஞ்சிருந்தா சிவப்பு ஒரு பக்கம் பச்சை ஒரு பக்கம். பையனுக்கு உடைஞ்சிருந்துச்சு, பெரிய ஆபரேஷன் கேன்சல். அடுத்த தடவை வந்தப்போ தடவிப் பாத்தாதான் கட்டியே தெரிஞ்சுது.

இதுக்கு நேர் எதிர் லோ கிரேடு ஃபைப்ரோமிக்சாய்டு சார்கோமா. 1987ல இவான்ஸ்னு ஒரு அமெரிக்க பெத்தாலஜிஸ்ட் ரெண்டே ரெண்டு கேஸை வச்சு முதல்ல எழுதினார். ஸ்லைடுல பாத்தா இவ்ளோ சாதுவா எதுவுமே இருக்காது, மெல்லிசு மெல்லிசா செல், நார் கொஞ்சம் கொழகொழ பகுதி கொஞ்சம், செல் பிரியறதை தேடணும். சாதா நார்க்கட்டின்னு எழுதி அனுப்ப கை துறுதுறுங்கும். ஆனா இது 10, 20 வருஷம் கழிச்சுகூட நுரையீரல்ல போய் நிக்கும். மக்4ங்கிற புரோட்டீனை காட்டுற சாயம் போட்டா செல் எல்லாம் பிரவுனா ஏறும், ஜீன்ல பாத்தா எஃப்யூஎஸ்ங்கிற ஜீன் உடைஞ்சு பெரும்பாலும் கிரெப்3எல்2ங்கிற ஜீன் கூட சேந்திருக்கும். உங்க அண்ணன் கேஸ்ல இவங்க சந்தேகப்படுற பல கட்டியில இதுவும் ஒண்ணா இருக்கலாம், தொடை இதுக்கு பிடிச்ச இடம். ரிப்போர்ட் வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அதுக்காக ஜீன் டெஸ்ட் மட்டும் போதும்னும் இல்ல. ஈடபிள்யூஎஸ்ஆர்1ங்கிற ஜீன் உடைஞ்சிருக்குன்னு வந்தா ஈவிங் சார்கோமாவாவும் இருக்கலாம், கிளியர் செல் சார்கோமாவாவும் இருக்கலாம், இன்னும் சிலதும் இருக்கு, மருந்தே மாறும். எந்த ஜீனை தேடணும்னு சொல்றதே ஸ்லைடுதான்.

உங்களால ஆகுற வேலை ரெண்டு இருக்கு. கட்டி எப்போ வந்துச்சு, எவ்ளோ வேகமா வளந்துச்சு, முன்னாடி அங்க ஏதாவது எடுத்தாங்களான்னு ஒரு பேப்பர்ல எழுதி லேப்ல குடுங்க, ஃபார்ம்ல யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. அப்புறம் பிளாக்கை வாங்கிட்டுப் போய் வேற இடத்துல ஃபிஷ் பண்றதா இருந்தா மே மாச வெயில்ல கார் டேஷ்போர்டு மேல வச்சுட்டு சாப்பிடப் போயிடாதீங்க. அது மெழுகுங்க, ஒருத்தர் அப்படி கொண்டு வந்து குடுத்து நான் பாத்திருக்கேன்.