குறைந்த பட்ஜெட்டில் வீட்டுப் பின்புறத்துக்கு நல்ல பார்பிக்யூ அடுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில் நாலைந்து பேர், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை சுடப் போகிறீர்கள், எப்போதாவது விருந்தாளிகள் வருவார்கள், அடுப்பு வெயிலிலும் மழையிலும் வெளியேதான் நிற்கும், கையில் இருப்பது அளவான பணம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் நிலைமையும் அப்போது இதேதான். அந்தப் பணத்தைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு இரண்டு வருடம் வருந்தினேன்.

நானும் கணவரும் சேர்ந்துதான் வாங்கப் போனோம். நான் பார்த்து வைத்திருந்தது மூடி போட்ட சாதாரண உருண்டைக் கரி அடுப்பு. கடைக்காரர் எங்களை நேராக நான்கு பர்னர் கேஸ் அடுப்பிடம் அழைத்துப் போனார். பளபளப்பான கதவு, பக்கத்தில் தனியாக ஒரு சின்ன அடுப்பு, மூடியில் வெப்பமானி. விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இருந்தது. நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் நெளிந்தது. "தகடு ஏன் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறது?" என்று கேட்டேன். கேட்டது நான், பதில் போனது என் கணவருக்கு: "சார், மொத்தம் 48,000 பிடியு சார்." வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்த எண்ணைப் பற்றி அன்றைக்கே யாராவது எனக்கு விளக்கியிருக்கலாம். பிடியு (BTU) என்பது சூட்டை அளக்கும் ஓர் அலகு. அட்டையில் போடுவது, எல்லா பர்னரையும் முழுதாகத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு எரிவாயுவை எரிக்கும் என்கிற கணக்கு. அதில் எவ்வளவு சூடு உங்கள் கறிக்கு வந்து சேரும் என்பதை அது சொல்லாது. மூடி மெலிந்து, பின்பக்கம் இடைவெளி விட்டிருந்தால், எரிகிற சூடு காற்றோடு போய்விடும். சிலிண்டர் சீக்கிரம் தீரும், கோழி வேகாது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. முதல் விருந்தன்று கோழிக்கால்களை அடுக்கி மூடினேன். லேசான காற்று. திருப்பிப் போட மூடியைத் திறந்தேன், இருந்த சூடு அத்தனையும் போனது. மறுபடி ஏறவே இல்லை. தோல் சிவக்க வேண்டும் என்றால் அதன் மேற்பரப்பில் இருக்கும் ஈரம் முதலில் வற்ற வேண்டும். ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் நிறம் ஒழுங்காகப் பிடிக்கும். என் கோழிக்கால்கள் சொந்த நீரிலேயே வெந்து, வெளுத்து, ஈரமாகப் படுத்துக் கிடந்தன. ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் தட்டில் அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்து திறந்தபோது ஒரு பர்னரில் பாதி நீளத்துக்குத் தீயே வரவில்லை. மிச்சப் பாதியில் நீலத்துக்குப் பதிலாக மஞ்சளாக எரிந்தது. குழாயை வெளியே எடுத்து விரலால் தடவினேன், செதில் செதிலாக உதிர்ந்தது. இரண்டு துளைகளுக்கு நடுவில் இருந்த இரும்பு போய், ஒரே பிளவாகியிருந்தது. உத்தரவாதம் இருக்கிறதே என்று போன் செய்தால், துரு உத்தரவாதத்தில் வராதாம். வெளியில் வைப்பதற்கென்றே விற்கிற பொருளுக்குத் துரு உத்தரவாதம் இல்லை என்றால், வேறு எதற்குத்தான் உத்தரவாதம் கொடுக்கிறார்கள்? இன்றும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, காந்தத்துக்கு வருகிறேன். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று எழுதியிருப்பதாலேயே துருப்பிடிக்காது என்று நம்பாதீர்கள். அதில் பல ரகம். 304 என்கிற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். வெளியில் நன்றாகத் தாங்கும், பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. விலை குறைந்த அடுப்புகளில் வருகிற 430 ரகத்தில் நிக்கல் இல்லாததால் காந்தம் 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும், மழையில் சீக்கிரம் கறை பிடிக்கும். அதற்காக, ஒட்டவில்லை என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய முடியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் மட்டும் உறுதியாகச் சந்தேகப்படலாம்.

கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். கேஸ் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. நல்ல கேஸ் அடுப்பு அருமையான பொருள், அவசரத்துக்கு அதைப் போல் எதுவும் கிடையாது. ஆனால் ஒரே பணத்தை நான்கு பர்னர், கதவு, சக்கரம், பக்க அடுப்பு என்று பங்கு போட்டால் ஒவ்வொன்றும் மெலிந்துதான் வரும். கேஸ்தான் வேண்டும் என்றால், கனமான மூடியும் தடித்த பர்னரும் உள்ள இரண்டு பர்னர் அடுப்பை எடுங்கள். சிலிண்டர் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு பற்ற வையுங்கள்.

என்னைக் கேட்டால், குறைந்த பட்ஜெட்டுக்கு மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்புதான். 1952-ல் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், அமெரிக்காவில் தான் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் பட்டறையில் செய்துகொண்டிருந்த இரும்பு மிதவைக் கோளங்களில் இருந்து இந்த வடிவத்தை உண்டாக்கினார். அடியில் காற்றுத் துளை, மூடியில் காற்றுத் துளை. கீழே திறந்தால் தணல் ஏறும், மூடினால் அடங்கும். கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதால்தான் இன்றும் அந்த வடிவம் மாறாமல் இருக்கிறது. ஏறத்தாழ 57 செ.மீ. விட்டம் உள்ளது ஒரு குடும்பத்துக்குத் தாராளம். கரியை ஒரு பக்கமாகக் குவித்துவிட்டு மறுபக்கத்தைக் காலியாக வைத்தால், நேர்த்தணலில் சிவக்க வைத்து, பிறகு காலிப் பக்கத்துக்குத் தள்ளி மூடி நிதானமாக வேக வைக்கலாம். மூடி இல்லாத திறந்த அடுப்பில் இந்த வசதி கிடைக்காது, அதனால் அதை வாங்காதீர்கள்.

இன்னொன்று, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? வீடு மாறிப் போகிற ஒருவரிடம் பழைய எனாமல் அடுப்பு ஒன்றை நான் வாங்கினேன். மூடியின் உட்புறம் கறுப்புச் செதில் தொங்கியது. பெயின்ட் உரிகிறது என்று கணவர் வேண்டாம் என்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பொடியாக உதிர்ந்து, அடியில் எனாமல் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அது பெயின்ட் இல்லை, வருடக்கணக்கில் படிந்து கருகிய கொழுப்பும் புகையும்தான். சுரண்டித் துடைத்தால் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இடத்தில்: கால்கள் செருகும் மூலைகளிலும் அடிக் காற்றுத் துளையைச் சுற்றியும் எனாமல் தெறித்துத் துரு தின்றிருக்கிறதா, துளையை மூடித் திறக்கும் தகடு சிக்காமல் நகர்கிறதா, மூடி ஆடாமல் உட்காருகிறதா. இவை சரியாக இருந்தால், தேய்ந்த கம்பித் தட்டு ஒரு குறையே இல்லை, அதை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

மிச்சம் பிடித்த பணத்தில் முதலில் குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்கினேன். மூடியில் பொருத்தி வருவது மூடிக்குக் கீழே இருக்கும் காற்றின் சூட்டைத்தான் காட்டும். கோழியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்துவிட்டதா என்பதைக் கறியில் குத்தினால்தான் தெரியும். அப்புறம், கரி பற்ற வைக்கும் தகரக் குழாய். அடியில் காகிதத்தைக் கொளுத்தி வைத்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் கரி சாம்பல் பூத்துத் தயாராகிவிடும், மண்ணெண்ணெய் வாடையே வராது.

பழைய டிரம்மை வெட்டிச் செய்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அதில் முன்பு என்ன இருந்தது, உள்ளே என்ன பூச்சு என்று தெரியாமல் செய்யாதீர்கள். துத்தநாகம் பூசிய தொட்டி, வாளி எதுவும் தணலுக்கு ஆகாது, அந்தப் புகை உடம்புக்குக் கெடுதி. பணமே இல்லை என்றால், நான்கு வரிசை செங்கல்லும் ஒரு கம்பித் தட்டும் அதைவிட எவ்வளவோ மேல். கரி அடுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும், மழை என்றாலும்கூட, வீட்டுக்குள்ளோ கார் கொட்டகைக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. அணைந்த மாதிரி தெரிகிற கங்கிலிருந்தும் அது வந்துகொண்டிருக்கும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வாரம் ஏழு நாளும் சமையலறையில் நிற்கிறவளுக்கு ஒரு பாராட்டும் கிடையாது. மாதம் ஒரு நாள் வெளியில் நின்று நாலு துண்டைத் திருப்பிப் போடுகிறவருக்கு எல்லோரும் கை தட்டுகிறார்கள். பார்பிக்யூ என்றால் ஆண்கள் வேலை என்று யார் எழுதி வைத்தார்கள்? என் வீட்டில் கரி பற்ற வைப்பதும் காற்றுத் துளையைக் கவனிப்பதும் நான்தான். என் மகளுக்கும் இப்போது கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பராமரிப்பு. சாம்பலை அடுப்பிலேயே விட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடித் தகட்டை அரித்துவிடும். மறுநாள் முழுக்க ஆறியதும் தகர டப்பாவில் கொட்டி, அடுப்பைத் துடைத்து, அதற்கப்புறம் உறை போடுங்கள். கம்பித் தட்டைத் தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், உதிர்ந்த கம்பி இழை சாப்பாட்டில் ஒட்டிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். நான் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தட்டு சூடாக இருக்கும்போதே இடுக்கியால் பிடித்துத் தேய்க்கிறேன். அந்தப் பழைய அடுப்பு எங்களிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. இதுவரை மாற்றியது ஒரு கம்பித் தட்டும் மூடிக் கைப்பிடியின் ஒரு திருகாணியும்தான்.