அந்தக் கோடு ஒன்றல்ல, இரண்டு

ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு வெள்ளி கொண்டுபோய், பட்டுடன் திரும்பிய பாதையை உங்கள் வகுப்பு வரைபடத்தில் ஒரே நேர்கோடாக வரைந்திருக்கிறீர்கள். 'போக 3 மாதம், திரும்ப 5 மாதம் எப்படி?' என்ற உங்கள் மாணவர்களின் கேள்விக்கு விடையை மறைப்பது அந்தக் கோடுதான். அதை அழித்துவிடுங்கள்.

போகும் வழியை ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் மேற்கே இழுத்து, குவாம் வழியாக மணிலா சேருங்கள். அங்கே கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வணிகக் காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டே போகும். அதே காற்றுதான் திரும்பும்போது எதிரி. அதனால் திரும்பும் வழி ஜப்பானுக்குக் கிழக்கே 35–40 பாகை வரை ஏறி, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேலைக் காற்றைப் பிடித்து, கலிபோர்னியக் கரையோரமாக இறங்க வேண்டும். ஸ்பானிய மாலுமித் துறவி உர்தனேத்தா 1565 ஜூன் 1 அன்று பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து கிளம்பி, அக்டோபர் 8 அன்று அகாபுல்கோ சேர்ந்தது இப்படித்தான். மணிலாவில் தாமதித்தால் சூறாவளி. வடக்கே குளிரும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் ஆட்களைக் கொன்றன.

மணிலாவிலிருந்து சீனாவின் புஜியன் கரைக்கு இன்னொரு கோடு கட்டாயம் வேண்டும். வெள்ளி போய்ச் சேர்ந்த இடம் அதுதான். அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்து, வரியே வெள்ளியில் வசூலானது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் 6 பங்கு வெள்ளி. ஐரோப்பாவில் சுமார் 12. அதாவது, தங்கத்தோடு ஒப்பிட்டால் வெள்ளிக்குச் சீனாவில் ஏறக்குறைய இரு மடங்கு மதிப்பு. பட்டு கிழக்கே போனதற்கான காரணத்தை இந்த இரண்டு எண்களிலிருந்தே வகுப்பில் தொடங்கலாம்.