725 கிலோ ஆசை: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே மைலேஜ் புகார்களும் டீசல் சந்தேகங்களும் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். இந்த முறை எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்.

வெறும் 118 எச்பி உள்ள காருக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எங்கள் பக்கத்து வீட்டு எஸ்யூவியே அதைவிட அதிகம் சார்.
*மதுரையிலிருந்து ஒரு வாசகர்*

அந்த எஸ்யூவியின் எடை எவ்வளவு என்றும் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள். 1996-இல் விற்பனைக்கு வந்த முதல் எலீஸ் 725 கிலோ. நம் பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ. அதாவது மாருதியைவிட ஓர் ஆள் எடைதான் கூட, ஆனால் எஞ்சின் சக்தி மூன்று மடங்கு! நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட சுமார் 6 விநாடிதான் ஆகும்.

ஆனால் வேகத்துக்காக மட்டும் யாரும் இதை வாங்குவதில்லை. 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் சட்டென்று திரும்பிப் பாருங்கள், அப்புறம் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாருங்கள், காரிலும் அதே கதைதான். எடை குறைந்தால் சின்ன பிரேக் போதும், ஒல்லியான டயர் போதும், பவர் ஸ்டீயரிங் தேவையில்லை, அதெல்லாம் இல்லாததால் எடை இன்னும் குறையும். லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மன் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கணக்கைத்தான். அவர் 1982-இல் இறந்துவிட்டார், எலீஸைப் பார்க்கவில்லை.

எலீஸின் சேஸி, அதாவது காரின் எலும்புக்கூடு, மட்டும் 68 கிலோ. ரிச்சர்ட் ராக்கம் என்ற பொறியாளர் அலுமினியப் பட்டிகளை வெல்டிங் செய்யாமல் எபாக்சி பசை போட்டு ஒட்டினார். வெல்டிங் சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும், அதை ஈடுகட்டத் தகட்டைத் தடிமனாக்க வேண்டும். பசை என்றால் மெல்லிய தகடே போதும். பசை போட்டு ஒட்டிய காரா என்று சிரித்தவர்கள் அன்று இருந்திருப்பார்கள். அந்த சேஸிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பள்ளியில் படிக்கும்போது சுவரில் எலீஸ் படம் ஒட்டியவன் நான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக் கடனும் முடியப்போகிறது, இப்போது கையில் காசு இருக்கிறது. முதல் தலைமுறையா, டொயோட்டா எஞ்சின் வந்ததா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
*இங்கிலாந்து, குரோய்டனிலிருந்து ஒரு வாசகர்*

முதலில் வாழ்த்துகள். சுவரில் இருந்த படம் வாசலில் வந்து நிற்கும் நேரம் எல்லோருக்கும் அமையாது. ஆனால் படம் பார்த்து வளர்ந்தவர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை நீட்டுகிறவர்கள், விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் தலைமுறையில் ரோவர் கே-சீரிஸ் எஞ்சின். லேசானது, கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு, ஆனால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போவதற்குப் பேர்போனது. எலீஸில் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டரோ மூக்கில். எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும்போது முன்னாலிருந்து குளிர்ந்த தண்ணீர் சூடான எஞ்சினுக்குள் பாய்கிறது, அந்த அதிர்ச்சியை கேஸ்கெட்தான் வாங்கிக்கொள்கிறது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், மயோனைஸ் போலப் பழுப்பு நிறத்தில் குழைவாக ஏதாவது ஒட்டியிருந்தால் உஷார், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவரைக்கும் மட்டும் ஓட்டிய வண்டியிலும் அது கொஞ்சம் வரும், எனவே கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர்) அளவையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். "கேஸ்கெட் ஏற்கெனவே மாற்றியாச்சு" என்று விற்பவர் சொன்னால் பயப்படாதீர்கள். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டதற்கு பில் காட்டினால் அது நல்ல செய்தி.

இரண்டாம் தலைமுறை 2001-இல் முழுவீச்சில் வந்தது, அதிலும் ஆரம்பத்தில் ரோவர்தான். டொயோட்டா எஞ்சின் 2004-இலிருந்து. 1.8 லிட்டர், 189 எச்பி, 6 கியர். எடை 860 கிலோ அளவுக்கு ஏறிவிட்டது, கூடவே ஏபிஎஸ்ஸும் வந்தது. இந்த எஞ்சினில் 6,200 ஆர்பிஎம் வாக்கில் வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும், குரலே மாறிப்போய்க் கார் இன்னொரு முறை கிளம்புவது போலிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது அந்த மாற்றம் வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் அந்தப் பரீட்சை. குளிர்ந்த எஞ்சினை அப்படி முறுக்குகிற விற்பனையாளரிடம் கார் வாங்காதீர்கள், நீங்கள் இல்லாதபோதும் அவர் அதைத்தான் செய்திருப்பார்.

பாடி விஷயம் இதைவிட முக்கியம். முன்பக்கம் முழுக்க ஒரே ஃபைபர்கிளாஸ் துண்டு, பின்பக்கமும் அப்படியே, கிளாம் என்பார்கள். பார்க்கிங்கில் யாரோ லேசாக இடித்தாலும் மொத்தத் துண்டையும் கழற்ற வேண்டிய நிலை வரலாம். அதனால்தான் சின்ன அடிக்கே காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட எலீஸ்கள் சந்தையில் நிறைய. அப்படிக் கைவிட்ட கார்களுக்கு அங்கே ஒரு வகைக் குறி உண்டு: 2017 அக்டோபருக்குப் பிறகு என்றால் கேட் எஸ் அல்லது கேட் என், அதற்கு முன்னால் சி, டி. இதில் எஸ் என்பது கட்டமைப்பே அடிபட்டது, ஒட்டிய சேஸியில் அது சாதாரண விஷயமில்லை, எனக்கென்றால் வேண்டாம். எம்ஓடி (வருடாந்திர வாகனச் சோதனை) வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நம்பரைப் போட்டால் எந்த வருடம் எதற்காகத் தோற்றது என்பதுவரை வரும். வண்டியைத் தூக்கி, அடித்தட்டைக் கழற்றிவிட்டு, அலுமினியத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தட்டைக் கழற்றச் சம்மதிக்காதவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

என் தீர்ப்பு? இது நீங்கள் வாங்கும் முதல் எலீஸ், வார இறுதியில் நிம்மதியாக ஓட்ட வேண்டும் என்றால் டொயோட்டா. முதல் தலைமுறையில் பிரேக்குக்கு செர்வோ (மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் உதவி) கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, மழையில் உள்ளே ஒழுகினாலும் ஒழுகும். அதெல்லாம் தெரிந்தும் 'எனக்கு அதுதான் வேண்டும்' என்று மனசு சொன்னால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள். மிச்சக் காசில் எச்பி ஏற்றும் வேலைக்குப் போகாமல் நல்ல டயர் போட்டு, வீல் அலைன்மென்ட்டை எலீஸ் தெரிந்தவரிடம் செய்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு அடுத்த ஆண்டு மணிவிழா. வாழ்நாள் முழுக்க வேனும் எஸ்டேட் காரும்தான் ஓட்டினார். எலீஸ் வாங்கித் தரலாம் என்று அண்ணனும் நானும் யோசிக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு.
*ஹாரோவிலிருந்து ஒரு வாசகி*

நல்ல பிள்ளைகள். ஆனால் முழங்கால் வலி என்று கடைசி வரியில் மெதுவாகச் சொல்கிறீர்களே அம்மா! எலீஸில் கதவைத் திறந்தால் அகலமான, உயரமான பக்கச் சட்டம் குறுக்கே கிடக்கும். வலது காலை உள்ளே விட்டு, ஒரு கையைச் சட்டத்தில் ஊன்றி, உடம்பை சீட்டுக்குள் சரித்து, அப்புறம் இடது காலை மடக்கி இழுத்துக்கொள்ள... இல்லை, வலது பக்கக் கதவென்றால் முதலில் போவது இடது கால். எழுதும்போதே இப்படிக் குழம்புகிறது. கூரையைக் கழற்றிவிட்டால் கொஞ்சம் சுலபம். மழை நாளில் கூரையோடு ஏறி இறங்குவது யோகாசனம்தான்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்கள். அதுவும் தாழ்வான கார்தான், ஆனால் அந்தச் சட்டம் இல்லை, கூரையை உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிவிடலாம், ஏசி இருக்கும், நாளை வேண்டாம் என்றாலும் வாங்க ஆள் இருக்கும். எதுவானாலும் ஆச்சரியப் பரிசாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அவரே ஏறி இறங்கட்டும். அவர் முகமே சொல்லிவிடும்.

1990 மாடல் மியாட்டா ஒன்று வாங்கிவிட்டேன்! இங்கே குளிர்காலத்தில் ரோடெல்லாம் உப்பு. எப்படிக் காப்பாற்றுவது?
*கனடா, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகர்*

மேலே சொன்ன எம்எக்ஸ்-5-க்கு அங்கே மியாட்டா என்று பெயர். பாப்-அப் விளக்குள்ள முதல் தலைமுறை, கொடுத்துவைத்தவர். 1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி ஒன்று செய்யுங்களேன் என்று சொல்லிவைத்ததிலிருந்து வளர்ந்த கார் அது. 1989 சிகாகோ கண்காட்சியில் வெளியே வந்தது, 2016-இல் 10 லட்சமாவது கார் உருவானது. 1962-இல் வந்த லோட்டஸ் எலானின் சாயல் முகத்தில் அப்படியே தெரியும். எலானில் இல்லாத ஒன்று இதில் உண்டு: தினமும் ஸ்டார்ட் ஆகும்.

உப்பு கொட்டும் மாதங்களில் வெளியே எடுக்காதீர்கள், அவ்வளவுதான். டேங்கை நிரப்பி, பேட்டரிக்குச் சின்ன சார்ஜரை மாட்டி, ஷெட்டில் நிறுத்திவிடுங்கள். ஆனால் மியாட்டாவைத் தின்பது உப்பு மட்டுமில்லை. துணிக் கூரையில் விழும் தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள துளைகள் வழியாக இறங்க வேண்டும். இலை, தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளேயிருந்தே துருவேறும். வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஒரு தடித்த நைலான் கயிற்றை மெதுவாக விட்டு அடைப்பை எடுத்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்ட வேண்டும்.

எலீஸை இந்தியாவுக்குக் கொண்டுவர வழி உண்டா?
*கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்*

பழைய கார் இறக்குமதிக்கு 3 வயது வரம்பு இருக்கிறது. எலீஸ் உற்பத்தி 2021-இல் நின்றுவிட்டது. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். லோட்டஸ் இப்போது இந்தியாவில் விற்கும் எமிரா 3 கோடி ரூபாய்க்கு மேல், எடையோ 1,400 கிலோவுக்கு மேல், அதாவது முதல் எலீஸைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அழகான கார்தான், ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது அதுவல்ல.

கோவையில் இருந்துகொண்டு நீங்கள் ஏங்குவதுதான் எனக்கு வேடிக்கை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்த கரிவரதன் உங்கள் ஊர்க்காரர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளமே இருக்கிறது. எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களும் கோவைச் சரக்குதான். பயிற்சி வகுப்பில் சேர்ந்து அப்படி ஒரு காரில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். நம்பர் பிளேட் கிடையாதுதான், ஆனால் எடை குறைந்தால் என்ன ஆகும் என்பது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

(சும்மா ஒரு தகவல்: இங்கிலாந்தில் லோட்டஸ் இருக்கும் ஹெதெல், இரண்டாம் உலகப் போர் விமானத்தளம். சென்னைக்காரர்கள் வருடக்கணக்கில் ரேஸ் பார்த்த சோழவரமும் அதே போர்க்காலத்து ஓடுபாதைதான்.)

எலீஸ் என்பது யார் பெயர்?
*திருச்சி வாசகி*

அப்போது லோட்டஸின் தலைவராக இருந்த ரொமானோ ஆர்ட்டியோலியின் பேத்தி எலிசாவின் பெயர். 1995 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கார் அறிமுகமானபோது அவர் சின்னக் குழந்தை.

பேட்டரி கார் யுகத்தில் எடை குறைந்த கார் சாத்தியமா?
*பெங்களூரு வாசகர்*

டெஸ்லாவின் முதல் காரே எலீஸை அடிப்படையாக வைத்ததுதான், அதன் சேஸியையும் பாடியையும் ஹெதெலில்தான் கட்டினார்கள். அதன் பேட்டரி மட்டும் 450 கிலோ. எலீஸ் முழுசுமே 725 என்று மேலே சொன்னேன். பேட்டரி மெலியட்டும், பார்ப்போம்.

போன வருடம் எலீஸ் வாங்கினேன். மைல் ஏறினால் விலை குறையும் என்று ஷெட்டிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே?
*லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்*

சரியில்லை. நின்றுகொண்டே இருந்தால் பிரேக் டிஸ்க் துருவேறும், ரப்பர் சீல் காயும், பெட்ரோல் கெடும், எலி வயரைக் கடிக்கும். விவரம் தெரிந்தவர் மைல் மீட்டரைவிட சர்வீஸ் பில்களைத்தான் முதலில் புரட்டுவார். மைல் பயம் அவ்வளவு இருந்தால், குறைந்த மைல் ஓட்டுகிறவர்களுக்கென்று கார் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் காப்பீடு உங்கள் ஊரில் கிடைக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பதிலைப் படித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். உங்களுடையது அந்தக் காலத்ததாக இருந்தால், டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். முதலில் நான்கையும் மாற்றுங்கள், அப்புறம் ஆயிலையும் மாற்றிவிட்டு எடுங்கள்.