சென்னையில் எடுக்கும் பரிசோதனையைவிட மாமியாரின் பழைய சீட்டுதான் முக்கியம்

தம்பி, உங்கள் கேள்வியில் ஐந்தாறு விஷயங்கள் இருக்கின்றன. குளிர்கால மேலங்கி, வாடகை, கிரைண்டர், கவுன்சில் வரி ஆகியவற்றை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். மனைவியின் அம்மாவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரல் வரை போயிருக்கிறது. அடுத்த மாதம் நீங்கள் இருவரும் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வருகிறீர்கள். கிளம்பும் முன் சென்னைப் பரிசோதனைக் கூடத்தில் 'ரத்த உறைவுத் தொகுப்பு' முழுவதையும் மனைவிக்கு எடுத்துவிடலாமா, இங்கே வந்து எடுக்கலாமா என்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் பதில் எழுதுகிறேன்.

நான் 2004 ஜனவரியில் திருச்சியிலிருந்து இதே ஊருக்கு வந்தேன். கிளம்பும் முன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும், சமயபுரம் போக வேண்டும் என்று வரிசையாகக் கோயில்கள். மாதவிலக்கு குறுக்கே வந்துவிடக் கூடாதென்று பெரியவர்கள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர் மருத்துவர் சீட்டைக் கேட்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் கட்டி வந்ததுண்டா என்றும் கேட்கவில்லை. அந்த மாத்திரை உடம்பில் இருக்க, பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம், பிறகு ஹீத்ரோவிலிருந்து பஸ். வந்த சில நாளில் இடது கெண்டைக்கால் வீங்கியது. உடன் தங்கியிருந்த நம் ஊர்க் குடும்பம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த மருத்துவரகத்துக்குப் போனால், வரவேற்பில் இருந்தவர் முகவரிச் சான்று இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. இங்கிலாந்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ அடையாளச் சான்றோ கட்டாயமில்லை. இந்நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. யாராவது மறுத்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். வந்த முதல் வாரமே பதிவு செய்யுங்கள். மேலங்கியை இரண்டாவது வாரம் வாங்கிக்கொள்ளலாம்.

என்னை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனவர் எதிர்வீட்டு குஜராத்தி அம்மா. 1972-இல் உகாண்டா அதிபர் இடி அமீன் ஆசியர்களை விரட்டியபோது அங்கிருந்து வந்தவர். உகாண்டா ஆசியர்கள் லெஸ்டருக்கு வர வேண்டாம் என்று இந்த ஊர் நகராட்சி அன்று அங்குள்ள பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. அப்படியும் வந்து, வேரூன்றி, பெல்கிரேவ் சாலையைக் கடைத்தெருவாக்கியவர்கள் அவர்கள். என் காலைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "ஒரு கால் மட்டுமா, இரண்டுமா?" ஒரு கால் மட்டும் என்றேன். உடனே காரை எடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வியை உங்கள் மனைவிக்கும் சொல்லிக் கொடுங்கள். நீண்ட பயணம் முடிந்தால் இரண்டு கணுக்காலும் சற்று வீங்குவது எல்லாருக்கும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். கால் சிவந்து போகும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். அந்தக் காலைத் தேய்க்கவும் கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், மயங்கி விழுந்தாலும் அவசர உதவி எண்ணான 999-ஐ அழையுங்கள். காலில் உருவான கட்டியின் துண்டு நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில் பொறுத்திருக்க முடியாது. கால் மட்டும் என்றால் என்எச்எஸ்ஸின் ஆலோசனை எண்ணான 111.

இப்போது பரிசோதனைக்கு வருகிறேன். மருத்துவமனையில் முதலில் ஊசி போடவில்லை. அளவு நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார்கள். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா, படுக்கையில் கிடந்தீர்களா, புற்றுநோய் உண்டா என்று கேட்டுப் புள்ளி போட்டார்கள். கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸ் பெயரில் வழங்கும் கணக்கு அது. புள்ளி குறைவாக இருந்தால் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. உறைந்த ரத்தத்தை உடல் கரைக்கும்போது உதிர்கிற புரதத் துணுக்கை அது அளக்கிறது. நெல் குத்திய வீட்டில் உமி கிடக்கும். உமியே இல்லையென்றால் நெல் குத்தவில்லை என்று நம்பலாம். ஆனால் உமி கிடப்பதை வைத்து எங்கே, எதற்குக் குத்தினார்கள் என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பம், காய்ச்சல், காயம், முதுமை என எதிலும் டி-டைமர் ஏறும். எனக்குப் புள்ளி அதிகமாக வந்ததால் நேரே ஸ்கேன்தான். தொடையிலிருந்து கருவியை அழுத்திக்கொண்டே கீழே வருவார்கள். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும். கட்டி இருக்கும் இடம் அமுங்காது. என் முழங்காலுக்குப் பின்னால் அமுங்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு நம் ஊரில் டி-டைமர் வீட்டுச் சொல்லாகிவிட்டது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆள் விமானம் ஏறுவதற்கு முன் அதை எடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இன்று கட்டி இருக்கக்கூடுமா என்பதற்கு மட்டுமே அது உதவும். அடுத்த மாதம் வருமா என்று அது சொல்லாது.

தொகுப்பில் மற்றவை பரம்பரைப் பரிசோதனைகள். அதில் முதலில் நிற்கும் ஃபேக்டர் ஃபைவ் லைடன், ரத்தத்தை எளிதில் உறையச் செய்யும், 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட மரபணு மாற்றம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது உண்டு. நம்மவர்களிடம் அரிது. அது இல்லை என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மனைவி நிம்மதி அடைய நியாயமில்லை. ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் குறைபாடுகளைப் பார்ப்பதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு, ஆனால் எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த மாத்திரை எடுக்கும்போதும் புரோட்டீன் எஸ் தானாகவே குறையும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு சி, எஸ் இரண்டும் குறையும். அதே வேலைக்கான ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். அந்த நேரங்களில் எடுத்தால், இல்லாத பரம்பரை நோயை இருப்பதாகக் காகிதம் சொல்லிவிடும், அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் பயந்துகொண்டிருப்பாள். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும். தொகுப்பாக விற்பவர்கள் இதையெல்லாம் விளக்குவதில்லை. எல்லாம் சரி என்று வந்தாலும் அம்மாவுக்கு வந்த வரலாறு அழிந்துவிடாது, மருத்துவர்கள் அந்த வரலாற்றை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இங்கேயும் உறவினருக்கு வந்தது என்பதற்காக மட்டும் இவற்றை வழக்கமாக எடுப்பதில்லை. மாமியாருக்கு இன்ன குறைபாடு என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்திருந்தால் கதை வேறு. அப்போது ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி ஜி.பி.யிடம் கேட்க வேண்டும்.

விமானத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பயப்படாதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தை ஏறக்குறைய இரு மடங்காக்குகிறது, ஆனாலும் நலமாக இருப்பவர்களில் ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அசையாமல் உட்கார்ந்தே இருப்பதுதான் கெடுதல். 1940-இல் லண்டனில் குண்டு விழுந்த நாட்களில், பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் நுரையீரல் அடைத்து இறந்ததை கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் பதிவு செய்தார். நாற்காலியின் முன்கட்டை தொடையின் பின்புறத்தை அழுத்தியிருந்தது. உயரம் குறைந்த பெண்களுக்கு விமான இருக்கையிலும் அதே தொல்லை உண்டு, கால் தரையில் பாவாது. மனைவிக்கு நடைபாதை ஓர இருக்கையாக வாங்குங்கள். அவ்வப்போது எழுந்து நடக்கட்டும், காலுக்குக் கீழே பையை வைத்துக்கொள்ளட்டும். அம்மாவின் வரலாற்றைச் சொல்லி, அழுத்தக் காலுறை வேண்டுமா என்று அங்குள்ள மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறச் சொல்வார்கள், வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

கிளம்பும் முன் கோயிலுக்காக அந்த மாத்திரையைக் கொடுக்க வந்தால் நீங்களே தடுங்கள். அதற்குத் தரப்படும் நோரெத்திஸ்டிரோன் என்ற மருந்தை மாதவிலக்கைத் தள்ளிப்போடும் அளவில் எடுத்தால், அதில் ஒரு பகுதி உடலுக்குள், ரத்த உறைவைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் கட்டி வந்திருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையையே இங்கே பொதுவாகத் தர மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை, காப்பர் டி என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆகவே கருத்தடை பற்றிப் பேசும்போதும் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

இங்குள்ள நம்மவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. 'என்எச்எஸ்ஸில் பாராசிட்டமால் மட்டும்தான் தருவார்கள்' என்று புதிதாக வரும் ஒவ்வொருவரின் காதிலும் ஓதுகிறார்கள். அதை நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏராளம். பெரும்பாலான வேலை விசாக்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் வருகிறீர்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்கும் முறையை மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும். 'கால் வலி' என்றால் வரிசையில் போடுவார்கள். 'ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, போன வாரம் நீண்ட விமானப் பயணம், அம்மாவுக்கு ரத்தக் கட்டி வந்தது' என்று ஒரே மூச்சில் சொன்னால் அன்றே பார்ப்பார்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், காசு கிடையாது. நான் இதைக் கற்றுக்கொண்டு, பிறகு வந்த எத்தனையோ பெண்களுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு அப்போது வார்ஃபரின்தான். மஞ்சள் புத்தகம் ஒன்று கொடுத்து, ரத்தம் எடுத்து எடுத்து, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிறுத்துவார்கள். கீரையில் வைட்டமின் கே அதிகம், ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு மறு வாரம் விட்டால் அளவு ஆடும். கீரையை விடாதே, தினமும் ஒரே அளவாகச் சாப்பிடு என்று ரத்தம் எடுத்த செவிலியர் சொன்னார். கீரை இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பதை எப்படியோ புரிந்துகொண்டவர். கட்டி கரைந்து, மாத்திரை நின்று, இப்போது பிராட்கேட் பூங்காவின் மேடுகளில் வாரந்தோறும் நடக்கிறேன். இன்று பெரும்பாலோருக்கு அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளே போதும், இந்த ரத்த அளவுத் தொல்லை இல்லை.

உங்கள் மனைவி கருவுற்றால் பத்தாவது வாரத்துக்குள் மருத்துவச்சியின் முதல் சந்திப்பு நடக்கும். அங்கே அம்மாவின் கதையை முதலில் சொல்ல வேண்டும். அபாயப் புள்ளியைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின் சில வாரங்களோ ஹெப்பாரின் ஊசி தருவார்கள். அதைப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள், மனத்தடை உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் வரும் வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம். ஊரிலிருந்து உதவிக்கு வரும் பெரியவர்கள் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்து, எழுந்து நடக்காதே என்று படுக்க வைத்தால் விடாதீர்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், நடக்க வேண்டும்.

ஆகவே அந்தத் தொகுப்புக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்து வையுங்கள். மாமியாரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்: எந்த வயதில், எந்தக் காலில், பிரசவமாகி எத்தனை நாளில், என்ன மருந்து, எவ்வளவு காலம், அறிக்கைகள் மிச்சம் இருக்கின்றனவா, அவருடைய உடன்பிறந்தவர்களுக்கு வந்ததா. கரு கலைந்ததுண்டா என்பதையும் கேட்க வேண்டும், ரத்தம் உறையும் சில நோய்களில் அதுவும் ஓர் அடையாளம். மருமகனிடம் அதைச் சொல்லக் கூசுவார்கள், அந்தக் கேள்வியை மட்டும் உங்கள் மனைவி தனியாகக் கேட்கட்டும்.