8.45 என்பது எட்டே முக்கால் மணி அல்ல

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். உம்லாங்காவில் ஒரு கால் சென்டரில் வாரம் ஐந்து இரவு வேலை, மணிக்கணக்கில் சம்பளம். இரவு 8.45க்குக் கார்டு தேய்த்து உள்ளே போனால் காலை 6.30க்குத்தான் வெளியே வருவேன். சாப்பாட்டுக்கென்று ஒரு மணி நேரத்தைக் கம்ப்யூட்டரே கழித்துவிடுகிறது. ஆனால் ஆள் இல்லை என்று அந்த நேரத்திலும் ஹெட்செட்டைக் கழற்ற விடுவதில்லை. சம்பளச் சீட்டில் வாரத்துக்கு 42.25 மணி என்று வருகிறது. கேட்டால், "எக்செல் போட்ட கணக்கு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். 8.45 முதல் 6.30 வரை ஒன்பதே முக்கால் மணி நேரம். ஒரு மணி போனால் எட்டே முக்கால். அதை 8.45 என்று தட்டி ஐந்தால் பெருக்கினால் 42.25 வரும், உங்கள் சீட்டில் இருப்பது அதே எண்தான். எட்டே முக்காலைத் தசமத்தில் 8.75 என்றுதான் எழுத வேண்டும். இரவுக்கு 18 நிமிடம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரக் கூலி இதிலேயே போய்விட்டது.

எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்துக்கொள்ளும். மணியாக்க 24ஆல் பெருக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்கு ஒரு நாளைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அது தெரியாமல் கழித்தால் கட்டம் முழுக்க ##### என்று நிற்கும். உடனே யாரோ கையால் தட்டிவிடுவார்கள். உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் சாப்பாட்டு நேரம். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 1997, பிரிவு 14 தெளிவாகச் சொல்கிறது: இடைவேளையில் வேலை வாங்கினாலோ, வேலைக்குத் தயாராக இருக்கச் சொன்னாலோ, அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. ஹெட்செட்டோடு உட்கார வைப்பது வேறென்ன? அப்போது வாரக் கணக்கு 48.75 மணி. சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு 45, மிச்சம் 3.75 மணி ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு. ஒன்று மட்டும் கவனம்: ஷிஃப்ட் 9 மணிக்குத்தான் என்றால், 8.45க்கே வந்து லாகின் செய்யச் சொன்னது கம்பெனிதான் என்று காட்ட வேண்டும். நீங்களாக முன்னதாக வந்து டீ குடித்த நேரம் சேராது.

இரவு வேலைக்கு அலவன்ஸோ நேரக் குறைப்போ தர வேண்டும், போக்குவரத்து வசதியும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. அதையும் சேர்த்தே கேளுங்கள். (சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஓவர்டைம், இடைவேளை விதிகள் பொருந்தா. அந்த வரம்பு அவ்வப்போது மாறும். உங்கள் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.)

சரி, செய்ய வேண்டியது. உங்கள் வருகைப் பதிவின் நகலை எழுத்தில் கேளுங்கள், ஈமெயில் போதும். வேலை நேரப் பதிவை மூன்று ஆண்டு வைத்திருப்பது முதலாளியின் கடமை, உங்களுடையதைப் பார்ப்பது உங்கள் உரிமை. சுருக்கப் பட்டியலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், கார்டு தேய்த்த மூல நேரங்கள் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்த அழைப்புகளின் பதிவையும் கேளுங்கள். உங்கள் வழக்கில் அதைவிட வலுவான சாட்சி கிடையாது. இன்றிலிருந்து நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அல்லது பிரிவு 73ஏ-யின் கீழ் நேராக சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு தீர்க்கும் ஆணையத்துக்குப் போகலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. கேட்டதற்காக உங்களைப் பழிவாங்கச் சட்டம் விடாது. ஒரே கணக்குத்தாளில் மாட்டியிருக்கும் உங்கள் ஷிஃப்ட் தோழிகளிடமும் இதைச் சொல்லி, முடிந்தால் சேர்ந்தே மனுக் கொடுங்கள்.